இரத்தினக் குழியில் எலும்பு தேடியவர்

இரத்தினபுரி என்ற பெயரைக் கேட்டவுடன் எவர் மனத்திலும் நீலக்கல்லும் புஷ்பராகமும் வைடூரியமுமே ஒளிவீசும். களுகங்கைப் பள்ளத்தாக்கின் வயல்களிலும் ஓடைக்கரைகளிலும் தலைமுறை தலைமுறையாகக் குழி தோண்டும் மக்கள் தேடுவனவும் அவையே. ஆயின் அக்குழிகளின் ஓரத்தில் வந்து நின்று, தோண்டுவோர் பயனற்றவை என்று கருதிய கறுத்த எலும்புகளையும் பற்களையும் தேடிய அறிஞர் ஒருவர் இருந்தார். மாணிக்கத்தை மறந்து எலும்பை நாடிய அம்மனிதர், போலஸ் எட்வர்ட் பீரிஸ் தெரணியகல.

கேகாலை மாவட்டத்தில் தெரணியகல என்றே ஓர் ஊர் உண்டு. தேயிலையும் இறப்பரும் சூழ்ந்த அவ்வூரின் பெயரே அவருடைய குடும்பப் பெயருமாகும். சப்ரகமுவ மண்ணின் பெயரைத் தாங்கிய ஒருவர், அம்மண்ணுக்குள் புதைந்துகிடந்த பழங்கதையை வெளிக்கொணர்ந்தது எத்துணைப் பொருத்தம்! எனினும், நம் தோட்டப்புறங்களில் அவரை அறிந்தோர் மிகச் சிலரே. நானும் நெடுங்காலம் அறியாதவனாகவே இருந்தேன். அறிந்துகொண்டபோது காலம் கடந்திருந்தது. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

குருவிட்டவை அடுத்த இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன் நான். என் சித்தப்பா விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், பால் வெட்டும் வேலையை முடித்துவிட்டு, பிற்பகலில் அருகிலிருந்த இரத்தினக் குழியில் நீர் இறைக்கும் கூலிக்குப் போவார். 1964ஆம் ஆண்டில் ஒருநாள் மாலை, உள்ளங்கை கொள்ளாத அளவில் கறுத்த கல் போன்ற ஒன்றை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அதன் மேற்புறம் மழமழப்பாகத் தேய்ந்து, மூவிலைத் தழை போன்ற வரிகளுடன் காணப்பட்டது. கல்லென்றால் கனம் மிகுதி; எலும்பென்றால் நிறம் பொருந்தவில்லை. அப்பாயி அதை ஊறுகாய்ச் சாடியின் மூடிமேல் பாரமாக வைத்துவிட்டாள். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது.

பிற்காலத்தில் நான் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியனானேன். ஒருமுறை மாணவர்களைக் கொழும்பு நூதனசாலைக்கு அழைத்துச் சென்றபோது, கண்ணாடிப் பேழையொன்றின் முன் என் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. உள்ளே அதே கறுப்பு. அதே மூவிலை வரிகள். இரத்தினபுரிக் குழிகளில் கிடைத்த நீர்யானையின் கடைவாய்ப்பல் என்று கீழே எழுதியிருந்தது. நீர்யானை ஆப்பிரிக்காவில் வாழும் விலங்கு என்று வகுப்பில் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். அது எங்கள் ஊரில் வாழ்ந்தது என்பதையோ, அதன் பல்லின் கீழே எங்கள் வீட்டு எலுமிச்சை ஊறுகாய் ஊறியது என்பதையோ அறியாமலேயே கற்பித்திருக்கிறேன். அன்று தொடங்கியதுதான் தெரணியகலவின் வாழ்வை அறியவேண்டும் என்ற ஆவல்.

அவர் 1900ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை சேர் போல் ஈ. பீரிஸ், இலங்கை குடிசார் சேவையில் உயர்பதவி வகித்தவர். போர்த்துக்கேயர் காலத்து இலங்கை வரலாற்றை விரிவாக எழுதியவர். தம்பி ஜஸ்ரின் தெரணியகல, நாற்பத்து மூன்று குழு எனப் புகழ்பெற்ற ஓவியர் அணியின் தூண்களுள் ஒருவர். வரலாறும் ஓவியமும் குடியிருந்த இல்லத்திலிருந்து உயிரியலை நாடிப் புறப்பட்ட நம்மவர், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலும் அமெரிக்காவில் ஹார்வர்டிலும் பயின்று தாயகம் திரும்பினார். ஆயினும் வரலாற்று உணர்வும் ஓவியக் கையும் அவரை விட்டு நீங்கவில்லை. தாம் ஆராய்ந்த உயிர்களைத் தாமே வரைந்தார். 1950களில் வெளிவந்த அவருடைய வண்ணப்பட நூல்வரிசை, இந்நாட்டு மீன்களையும் ஊர்வனவற்றையும் கண்ணெதிரே நிறுத்துவது.

எலும்புகளிடம் வருவதற்கு முன் அவர் நீரிடத்தே நின்றவர். கடல் ஆமைகளைப் பற்றி அவர் செய்த ஆய்வுகள் வெளிநாட்டாரும் மதித்தவை. மலையடிவாரத்து நன்னீர் ஓடைகளிலும் அவர் கண் பதிந்தது. களுகங்கை முதலிய தென்மேற்கு ஆறுகளின் காட்டோடைகளில் சுண்டுவிரல் நீளமும் இல்லாத ஒரு மீன் உண்டு. நிழலடர்ந்த தெளிநீரில் பொன்னும் செம்மையும் கலந்து மின்னுவது. 1930ஆம் ஆண்டில் அதற்கு அறிவியற் பெயர் சூட்டிய தெரணியகல, ஓடைக்கரையில் நிற்கும் ஹல் மரத்தின் மலரை நினைவூட்டும் பெயரையே வைத்தார். அம்மீன் உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. கரையிலுள்ள மரத்தை வெட்டினால் ஓடையின் நிழல் போகும். நிழல் போனால் மீனும் போகும். மரத்தின் பெயரை மீனுக்கு வைத்தபோது, இவ்விரண்டின் உறவையும் அவர் ஒரே சொல்லில் முடிந்துவைத்தார் என்றே எனக்குத் தோன்றும்.

1939ஆம் ஆண்டில் அவர் கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளரானார். 1963ஆம் ஆண்டு வரை அப்பொறுப்பில் இருந்தார். அதற்கு முன்பே, 1930களின் நடுப்பகுதியிலிருந்து, இரத்தினபுரிக் குழிகளில் கிடைத்த விலங்கெச்சங்களைப் பற்றி எழுதத் தொடங்கியிருந்தார்.

இரத்தினக் குழியைக் காணாத வாசகர்களுக்காக அதனைச் சிறிது விளக்கவேண்டும். வயலில் சதுரமாகத் தோண்டிக்கொண்டே போவார்கள். பக்கங்கள் சரியாதபடி மரக்கட்டைகளால் சட்டமிட்டு, சட்டத்துக்கும் மண்ணுக்கும் இடையே காட்டுத் தழைகளைத் திணிப்பார்கள். ஊறும் நீரை இரவும் பகலும் இறைத்தாக வேண்டும். களிமண்ணையும் மணலையும் கடந்து கீழே சென்றால் கூழாங்கல் படிவொன்று தட்டுப்படும். அதற்கு இல்லம் என்று சிங்களத்தில் பெயர். அதனைக் கூடைகளில் அள்ளி, நீரில் சுழற்றிக் கழுவுவார்கள். மணிகள் அடியில் தங்கும். பழங்காலத்தில் ஆறுகள் மலைகளிலிருந்து உருட்டிக் கொணர்ந்து சேர்த்த படிவு அது. ஆறு மணியை மட்டுமா உருட்டும்? கரையில் இறந்துகிடந்த விலங்கின் எலும்பையும் பல்லையும் அதே வெள்ளம் அதே இடத்தில் சேர்த்துவைத்தது. கல்லைத் தேடியவன் கூடையில் எலும்பும் வந்தது இவ்வாறே.

இந்த எலும்புகளை ஒன்றுகூட்டி ஆராய்ந்த தெரணியகலவின் கண்முன் எழுந்தது ஒரு மறைந்த உலகம். ஆப்பிரிக்க நீர்யானைக்கு முன்வாயின் ஒவ்வொரு தாடையிலும் நான்கு வெட்டுப்பற்கள். இங்கு வாழ்ந்த நீர்யானையோ ஆறு பற்கள் கொண்ட பழைய இனத்தைச் சேர்ந்தது. காண்டாமிருகங்களும் இங்கே உலவின. இன்றைய யானையோடு, மறைந்துபோன வேறொரு பெரிய யானையினமும் நடமாடியது. குருவிட்டவில் கிடைத்த பல்லை ஆராய்ந்து, இந்நாட்டில் சிங்கம் வாழ்ந்தது என்று 1939ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். சிங்கத்தின் பெயரைத் தாங்கிய இனமும் சிங்கம் பொறித்த கொடியும் உள்ள நாட்டில், அதற்குக் கிடைத்த உடற்சான்று ஓரிரு பற்களே. அவையும் எங்கள் தோட்டத்துக்கு அருகேயிருந்து கிடைத்தன என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது. இவ்விலங்குகளையும் அவை வாழ்ந்த காலத்தையும் பற்றிய தம் ஆய்வுகளைத் திரட்டி, 1958ஆம் ஆண்டில் பெருநூலாக வெளியிட்டார்.

நீர்யானையும் சிங்கமும் இத்தீவுக்கு எவ்வாறு வந்தன? பின்பு ஏன் மறைந்தன? தெரணியகலவின் வாழ்நாட் பணியின் உட்பொருள் இவ்விரு வினாக்களிலே அடங்கும் என்பேன். பனியுகத்தின் உச்சக் காலங்களில் உலகின் நீர் துருவப் பனியாக உறைந்து, கடல் மட்டம் நூறு மீற்றருக்கும் மேல் தாழ்ந்தது. மன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள கடலோ மிக ஆழமற்றது. ஆகவே அக்காலங்களிலெல்லாம் இலங்கை தீவாக இருக்கவில்லை; தென்னிந்தியாவின் ஒரு முனையாகவே இருந்தது. விலங்குகள் நடந்தே வந்தன. பனி உருகியபோது கடல் ஏறிப் பாதையை மூடியது. இறுதியாக அது மூடப்பட்டு ஏறத்தாழ 7,000 ஆண்டுகள் ஆகின்றன.

பெருநிலத்தில் ஓர் ஊரில் ஓரினம் அழிந்தால் அடுத்த ஊரிலிருந்து அது மீண்டும் பரவலாம். தீவில் அதற்கு வழியில்லை. மழை மிகுந்து புல்வெளி காடானால், புல்வெளியை நம்பிய விலங்கு வேறு நிலம் தேடிப் போக முடியாது, கடல் தடுக்கும். சிங்கம் மறைந்ததற்கு இதுவே காரணமாகலாம் என்று பிற்கால ஆய்வாளர் கருதுவர். பெருங்கடல் நடுவே தனித்துக் கிடந்த மொரீசியஸ் தீவின் டோடோ பறவையை உலகமே அறியும். 1598ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அங்கே இறங்கிய பின், நூறாண்டுக்குள் அப்பறவை அடியோடு ஒழிந்தது. இலங்கை அத்துணைச் சிறிதுமன்று, அத்துணைத் தொலைவுமன்று. எனினும் விதி ஒன்றே: தீவு இழந்தது திரும்புவதில்லை.

கடமா என்னும் பெரிய காட்டுமாட்டின் கதை இதற்கு அண்மைச் சான்று. அதன் எச்சங்களும் தெரணியகலவின் ஆய்வில் இடம்பெற்றன. பதினேழாம் நூற்றாண்டில் கண்டி மன்னனிடம் சிறைப்பட்டிருந்த இராபர்ட் நொக்ஸ், அரசன் வளர்த்த அத்தகைய விலங்கொன்றைப் பற்றித் தம் நூலில் குறித்துள்ளார். இன்று தென்னிந்திய மலைகளில் அது கூட்டங்கூட்டமாக மேய்கிறது. இலங்கையில் ஒன்றுகூட இல்லை.

போனவற்றைப் போலவே, இருப்பவற்றையும் அவர் கூர்ந்து நோக்கினார். தோட்டப்புறத்தில் நாம் புலி என்றே வழங்கும் சிறுத்தையை, இத்தீவுக்கே உரிய தனி வகை என்று 1956ஆம் ஆண்டில் அவரே வகுத்தார். கொடியா என்ற சிங்களச் சொல்லே அதன் அறிவியற் பெயரில் இன்றும் நிலைத்துள்ளது. உண்மையான வரிப்புலியும் ஒருகாலத்தில் இங்கு வாழ்ந்தது என்பது, இரத்தினபுரிக் குழியொன்றில் கிடைத்த பல்லையும் குருவிட்டப் பக்கம் கிடைத்த விரலெலும்பையும் கொண்டு 2005ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. சிங்கமும் போயிற்று, வரிப்புலியும் போயிற்று. அரியணை காலியானபின், மீந்திருந்த சிறுத்தையே இக்காடுகளின் தலைமை வேட்டை விலங்காயிற்று. அதுவும் போனால் அவ்விடத்தை நிரப்ப வேறெதுவும் இல்லை.

மனிதனின் சுவடுகளையும் அவர் தேடினார். பலாங்கொடை மனிதன் என்ற பெயரை இந்நாட்டு மாணவர் நாவில் பதியவைத்தவர் அவரே. குருவிட்டவுக்கு அப்பால் உள்ள பட்டதொம்பலெனக் குகையில் அவர் தொடங்கிய அகழ்வை, பிற்காலத்தில் அவர் மகன் சிரான் தெரணியகல விரிவுபடுத்தினார். தந்தை தோண்டிய மண்ணை மகன் தோண்டி, இலங்கையின் பழங்கால ஆய்வை உலகறியச் செய்த இவ்வரலாறு தனியே எழுதத்தக்கது. கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலவிலும் இத்தகைய குகையுண்டு. இக்குகைவாசிகள் படிகக் கல்லில் நுண்கருவி செய்தார்கள். மரநத்தையும் கெகுணக் கொட்டையும் தின்றார்கள். மழைக்காட்டுக் குரங்குகளையும் மலையணில்களையும் வேட்டையாடினார்கள். களுத்துறை மாவட்டத்துப் பாகியன்லெனக் குகையை ஆராய்ந்தவர்கள், அங்கே அவ்வேட்டை ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பே நடந்ததாக 2019ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வேட்டைக்காரர் பெரும்பாலும் முழு வளர்ச்சியுற்ற குரங்குகளையே கொன்றனராம்.

இதை எண்ணிப் பாருங்கள். பல்லாயிரம் ஆண்டுகள் மனிதன் இக்காட்டில் வேட்டையாடியே வாழ்ந்தான். அவன் தின்ற ஊதாமுகக் குரங்கு இன்றும் நம் லயத்துக்குப் பின்னால் பலாமரத்தில் தாவுகிறது. காட்டில் வேட்டையாடியவன் காட்டை அழிக்கவில்லை. காட்டை அகற்றியது பெரும்பாலும் கடந்த இரு நூற்றாண்டுகளின் வேலை. கோப்பிக்காக வெட்டினார்கள், கோப்பி நோயில் மடிந்தபின் தேயிலைக்காக வெட்டினார்கள், தாழ்மலைகளை இறப்பருக்காக வெட்டினார்கள். ஆணையிட்டவர் துரைமார், ஆதாயம் கண்டவர் அப்பாலிருந்தவர். ஆயின் கோடரி பிடித்த கை எங்கள் முன்னோருடையது. பசிக்காகக் கடல் கடந்து வந்தவர்கள்மேல் அப்பழியைச் சுமத்த நான் ஒருப்படேன். அதே வேளையில், அதனை மறைக்கவும் என் மனம் இடந்தரவில்லை.

தெரணியகலவிடம் குறையே இல்லையெனச் சொல்வது அவரை மதிப்பதாகாது. சிறு வேறுபாடு கண்டாலும் புதுப்பெயர் சூட்டிவிடும் வேகம் அவரிடம் இருந்தது. அவர் பிரித்த யானை வகைகள் சில பின்வந்தோரால் ஏற்கப்படவில்லை. பலாங்கொடை மனிதனுக்கு அவர் அளித்த தனிப்பிரிவையும் இன்று அறிவியலார் வழங்குவதில்லை. அவர்கள் நம்மைப் போன்ற மனிதரே. மேலும், ஆற்றுவெள்ளம் வெவ்வேறு காலத்து எலும்புகளை ஒன்றாகக் கலந்துவிட்டதனால், குழியில் எடுத்த எலும்பு எக்காலத்தது என்று துணிவது அரிது. இத்தனைக்கும் பின், ஒன்று நிலைத்து நிற்கிறது. குப்பையென எறியப்பட்டதை எடுத்துப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. அது இல்லையெனில் அந்நீர்யானையும் சிங்கமும் இரண்டாம் முறையும் அழிந்திருக்கும்.

நூதனசாலைப் பணியிலிருந்து ஓய்வுபெறும் காலத்தில் வித்தியோதய பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத் தலைவராகவும் பணியாற்றிய அவர், 1970களில் மறைந்தார். அவருடைய இறுதிக்காலத்தில் இத்தீவிலிருந்து இன்னொரு கூட்டம் மறைந்துகொண்டிருந்தது. அது எங்கள் கூட்டம். 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், எங்கள் மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரித்தது. எங்கள் குடும்பமும் இரண்டாகப் பிரிந்தது. நாங்கள் இருந்தோம், சித்தப்பா குடும்பம் 1972ஆம் ஆண்டில் புறப்பட்டது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். நீர்யானையும் காண்டாமிருகமும் நடந்துவந்த அதே தரைவழியின் மேலாக, அலைகளில் அவர்கள் திரும்பிப் போனார்கள். வீட்டை ஒதுக்கும்போது ஊறுகாய்ச் சாடியை யாரோ வாங்கிக்கொண்டார்கள். மூடிமேலிருந்த கறுத்த கல்லை லயத்துக் கானில் எறிந்துவிட்டார்கள். சித்தப்பா பிறகு இந்த மண்ணை மிதிக்கவேயில்லை.

இன்று சிங்கராஜ வனம் உலக மரபுரிமையாக மதிக்கப்படுகிறது. 1970களில் அங்கே இயந்திரங்கள் மரம் வெட்டின. மக்களின் எதிர்ப்பால் அது நின்றது. 1988ஆம் ஆண்டில் உலகப் பட்டியலில் அக்காடு இடம்பெற்றது. தேயிலையும் இறப்பரும் வயலும் சூழ நிற்கும் அக்காடு தீவுக்குள் ஒரு தீவு. சிவனொளிபாதமலைக் காடும் அத்தகையதே. அதன் மறுபுறச் சரிவில், நல்லதண்ணித் தோட்டப்பகுதியில், 2020 மே மாதத்தில் அரிய கருஞ்சிறுத்தையொன்று சுருக்குக் கம்பியில் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுவந்து சிகிச்சை அளித்தும் அது பிழைக்கவில்லை. பன்றிக்கென்று நம் தோட்டங்களில் கட்டப்படும் சுருக்கு, பன்றியை மட்டும் பிடிப்பதில்லை. கட்டுகிறவனுக்கு அது ஒருவேளைக் கறி. காட்டுக்கு அது அரியணையில் மிஞ்சியிருக்கும் ஒரே விலங்கு.

இரத்தினபுரியில் எஹெலேபொல வளவில் உள்ள தேசிய நூதனசாலைக்கு இப்போதும் நான் அவ்வப்போது போவதுண்டு. குழியில் வேலை செய்யும் இளைஞர்களைக் காணும்போதெல்லாம், கறுத்த பல்லோ எலும்போ கிடைத்தால் எறியாமல் அங்கே கொடுக்குமாறு சொல்லிவருகிறேன். சிலர் சிரிப்பார்கள், சிலர் கேட்டுக்கொள்வார்கள். எங்கள் பழைய லயம் இடிந்துவிட்டது. கான் மட்டும் இருக்கிறது. பெருமழை ஓய்ந்த காலைகளில், எழுபது வயதைக் கடந்த நான் அதன் ஓரமாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நடப்பதை அயலார் வேடிக்கையாகக் காண்கிறார்கள். மாணிக்கம் தேடுகிறேன் என்று நினைக்கிறார்கள் போலும்.